லூஸ் காண்டாக்ட்

ஜூலை 18, வெள்ளி

மிக்சரில் மூன்றாவது சேனலின் பச்சை விளக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மைக்கில் யாரும் பேசவில்லை.

அறிவிப்புக்கென்று வைத்திருக்கிற மைக் அது. அப்பாவின் மடியில் கிடந்தது. கோயிலில் கூழ் ஊற்றுகிற கூட்டம், உச்சி வெயில், நாலு பக்கமும் பாட்டு அலறுகிறது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல வேளை, மூன்றாவது சேனலை நான் இறக்கி வைத்திருந்தேன். ஊருக்குக் கேட்கவில்லை. விளக்கு மட்டும் காட்டிக்கொடுத்தது.

பச்சை, பச்சை, மஞ்சள். அப்புறம் ஒன்றும் இல்லை. வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து மிக்சருக்குப் பின்னால் கைவிட்டு அழுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. விளக்கு வரவில்லை. கிணற்றில் முங்கியவர் மேலே வந்ததுபோல் அப்பா ஒரு இழுப்பு இழுத்தார். விளக்கு நேராகச் சிவப்புக்குப் போனது.

கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் திட்டினார்.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? அடுத்த பாட்டப் போடு."

"தூங்கிட்டீங்கப்பா."

"யாரு, நானா? பேஸ் சரியா இருக்கான்னு கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பேஸ் கேட்டாராம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வேலை இல்லை. வயர்களைத் துடைத்துச் சுருட்டினேன். எங்கள் வீட்டில் துவைத்த துணியைவிடச் சுருட்டின வயர் அதிகம்.

செட்டின் பெயர் 'பேச்சி சவுண்ட் சர்வீஸ்'. பேச்சி என்பது நான்தான். எல்லாப் பெட்டியிலும் என் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர், "பேருதான் பேச்சி, வாயத் திறக்கக் காணோமே" என்று சொல்லாமல் விடுவதில்லை. தாங்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

ஒன்பதாவது பாதியில் பள்ளியை விட்டு நின்றேன். அப்பாவிடம் ஹெல்ப்பராக இருந்தவர் திருப்பூர் போய்விட்டார் என்பது வீட்டில் சொல்கிற காரணம். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை ஒட்டிக்கொள்ளும் என்பது நான் யாரிடமும் சொல்லாத காரணம். வயர் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

வண்டியில் எல்லாம் ஏற்றிய பிறகு, கிளம்பும் முன் ஒரு தடவை செட்டை ஆன் செய்து பார்ப்போம். மற்ற செட்டுக்காரர்கள் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். நான் மைக்கை நகத்தால் தட்டுவேன். எதிர்வீட்டில் மீன்வண்டி ஓட்டுகிற காசிம் அண்ணன் உள்ளே இருந்தபடியே, "மரங்கொத்தி வந்திருச்சுடோய்!" என்று கத்துவார். தினமும் இதே நகைச்சுவை.

ஜூலை 23, புதன்

இன்று மானம் போனது.

மண்டபத்தில் ஒரு காதுகுத்து. "நீ போய்ச் சாப்பிட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். மொய் அறிவிப்பதற்காக மூன்றாவது சேனலை அவரே ஏற்றி வைத்தார். பாட்டை நிறுத்தினார். பிறகு தூங்கிவிட்டார்.

நாலு ஹாரன் ஸ்பீக்கரிலும் அப்பாவின் குறட்டை.

மண்டபமே அதிர்ந்தது. "யாருப்பா அது, உள்ள ஜேசிபி விட்டது?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார். காது குத்துவதற்காகத் தாய்மாமன் மடியில் இருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. ஆசாரி அந்த நேரம் பார்த்துக் குத்திவிட்டார். அந்த வகையில் ஒரு நன்மை.

இடையில் சத்தம் நின்றது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் இலையில் கை வைத்தபடி இருந்தேன். மறுபடி அந்த இழுப்பு கேட்ட பிறகு குனிந்து பார்த்தால் ரசம் இலையிலிருந்து வழிந்து பாவாடை முழுக்க நனைந்திருந்தது. சூடான ரசம். கொட்டியது தெரியவே இல்லை. இந்தக் கறை போகாது. இதற்கும் அப்பாதான் காரணம்.

நான் ஓடி வந்து சேனலை இறக்கியதும் அப்பா முழித்தார். கூட்டத்தைப் பார்த்தார். "எவ சேனலத் தூக்கி வச்சது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால்.

பனையங்குளத்து வெள்ளைச்சாமி மாமாவும் வந்திருந்தார். அவர் ஊரில் அம்மன் பொங்கலுக்குப் பதினேழு வருடமாக எங்கள் செட்டுதான். அவர்தான் விழாத் தலைவர். "இருளாண்டி, எங்க ஊருக்கு வரும்போது இந்தப் பாட்டையும் பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டு வாப்பா" என்றார்.

அப்பா சிரித்தார். வண்டியில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினார்.

ஜூலை 25, வெள்ளி

தலைவலி அவருக்கு. கத்தல் எனக்கு.

தினமும் எழுந்திருக்கும்போதே தலையைப் பிடித்துக்கொள்கிறார். காபி ஆறிவிட்டது என்று கத்தல், சூடாக இருக்கிறது என்று கத்தல். அம்மாவிடம் சொன்னேன், அப்பா தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அடி போடி. தெருவே எந்திரிக்கிற மாதிரி குறட்ட விட்டுத் தூங்குறாரு. தூக்கம் வராதவன்தான் கவலைப்படணும்."

"நடுவுல சத்தமே இல்லம்மா."

"சத்தம் இருந்தாலும் கொற, இல்லாட்டியும் கொறயா?"

தூக்கம் போதவில்லை, அதனால்தான் தலைவலி என்று கடைசியில் அம்மாவே கண்டுபிடித்து, பாலில் கசகசா அரைத்துக் கலந்து கொடுக்கிறாள். அப்பாவும் தன் பங்குக்கு அசதி தீர ஒரு கட்டிங் போட்டுவிட்டு வருகிறார். இரண்டும் சேர்ந்த நாளில் மிக்சர் விளக்கு இருந்தால் இன்னும் அதிக நேரம் அணைந்தே கிடக்கும். பார்க்காமலே எனக்குத் தெரிகிறது.

ஜூலை 27, ஞாயிறு

நாய் குறுக்கே வந்தது. அப்பா அப்படித்தான் சொன்னார், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

காரியாபட்டியில் கல்யாணம் முடித்துத் திரும்பினோம். நல்ல பகல். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எங்கள் வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. டீக்கடைக்கு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே டீக்கடை எதுவும் இல்லை. கருவேல முள் என் பக்கத்துக் கண்ணாடியைக் கீறிக்கொண்டு வந்தது. அப்பாவின் தாடை நெஞ்சில் கிடந்தது.

கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை.

ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி வண்டி நின்றது. பின்னால் பெட்டிகள் உருண்டன. அப்பாவுக்கு நெற்றியில் அடி. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "நாய்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் காசிம் அண்ணன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "என்ன நெறம்ணே நாயி?"

"செவல."

"பிரேக் அடிச்ச தடமே டயர்ல இல்லையேண்ணே."

"ஒன் மீன்வண்டில பெரேக் பிடிக்குதான்னு மொதல்ல பாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நாயாடி?"

தலையாட்டினேன். போதாதென்று "செவல நாய்" என்று சொல்லவும் செய்தேன். நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகள் அவ்வளவுதான்.

ஸ்டியரிங் உறையின் தையல் என் உள்ளங்கையில் வரிசையாகப் பதிந்திருக்கிறது. நாளைக்குப் போய்விடும்.

ஜூலை 28, திங்கள்

நெற்றிக்குத் தையல் போட பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பிரஷர் பார்த்த நர்ஸ் மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு டாக்டரிடம் அனுப்பினார். சின்ன வயது டாக்டரம்மா. அப்பாவின் கழுத்தை டேப் வைத்து அளந்தார்.

"சட்ட தைக்கவா மேடம்?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "குறட்டை விடுவீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா. "நல்லா விடுவாரு" என்றாள் அம்மா பெருமையாக. "படுத்தா அடுத்த நிமிசம். அம்புட்டு நல்ல தூக்கம்."

"குறட்டை விட்டா நல்லாத் தூங்குறாருன்னு அர்த்தம் இல்லம்மா. நடுவுல மூச்சு நின்னு, மூச்சுத் திணறி முழிக்கிறாரா?"

அம்மா யோசித்தாள். நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "இவ என்னமோ சொல்லுவா" என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையைப் பார்த்தேன். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னார்: தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியை அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பயந்துபோய் உலுக்கி எழுப்புகிறது. இது ராத்திரி முழுக்க நடக்கும், ஆனால் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. அதனால்தான் தலைவலி, எரிச்சல், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். அப்படியே விட்டால் பிரஷர் இறங்காது, இதயம் கெடும், பக்கவாதம்கூட வரும்.

"வண்டி ஓட்டும்போது அசந்திருக்கீங்களா?"

"நாய் மேடம்" என்றார் அப்பா.

"பாப்பா, நீ வண்டியில இருந்தியா?"

அட்டையில் கடைசி வரி வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"செவல நாயாம் டாக்டர்" என்றாள் அம்மா.

மதுரையில் ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும், உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூக்கத்தை அளப்பார்களாம். அதுதான் என்று உறுதியானால் மாஸ்க் மாதிரி ஒரு மெஷின் தருவார்கள், போட்டுக்கொண்டு தூங்கினால் மூச்சு அடைக்காது. அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, தூக்கத்துக்கென்று எதையும் அரைத்துக் குடிக்கக் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "மதுரைக்குப் போயி தூங்கிக் காட்டணுமாம். இவ்வளவு நாள் ஓசியிலதான தூங்குனேன்."

வண்டியை அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வழியெல்லாம் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டு வந்தேன். பாட்டு எதுவும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மல்லாந்து படுக்கக் கூடாது என்பதை மட்டும் அம்மா பிடித்துக்கொண்டாள். ஒரு எலுமிச்சம்பழத்தைத் துணியில் முடிந்து அப்பாவின் பனியனில் முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். மல்லாந்தால் குத்தும், ஒருக்களித்துப் படுப்பார், கண் திருஷ்டிக்கும் ஆயிற்று என்று கணக்கு.

காலையில் பழம் சப்பையாகக் கிடந்தது. அப்பா அதன் மேலேயே மல்லாந்து தூங்கியிருக்கிறார். நாள் முழுக்க அவர் பக்கத்தில் போனால் ஊறுகாய் வாசம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேசிப் பிரயோஜனம் இல்லை, எனக்குப் பேசவும் வராது. அதனால் பதிவு செய்தேன்.

நேற்று ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வந்து அப்பா மத்தியானம் படுத்தார். தலைமாட்டில் ஸ்டாண்டில் மைக்கை வைத்து, மிக்சரில் பென்டிரைவைச் செருகினேன். எழுந்து காபி குடித்ததும் போட்டுக் காட்டினேன்.

"இது யாரு, காசிமா?"

"நீங்கதான்."

கொஞ்சம் கேட்டார். முகம் மாறியது. பயந்துவிட்டார், மதுரைக்குப் போய்விடலாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா விரலை உயர்த்தினார்.

"இந்தா, நிறுத்து. பின்னாடி போ. கேட்டியா? கட்டாகுது. இந்தா, மறுபடி கட்டாகுது. வந்திருச்சு. லூஸ் காண்டாக்ட்!"

"அப்பா..."

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், வயர மடக்கிச் சுருட்டாதன்னு. உள்ள கம்பி விட்டிருக்கும். பொங்கலுக்குப் போற நேரத்துல நல்லவேளை கண்டுபிடிச்சேன்."

சந்தோஷமாகப் போய்ச் சால்டரிங் அயர்னைச் சூடுபண்ண ஆரம்பித்தார். பின்னைப் பிரித்து, வயரை வெட்டி, புதிதாக ஈயம் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்தது. சால்டர் வேறு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி பதிவு செய்தேன். புது வயர். அதே மாதிரி.

"அப்ப மைக்குதான். கீழ போட்டியா?"

ஆகஸ்ட் 6, புதன்

வேறு மைக்.

"மிக்சர்ல மூணாவது சேனல் போயிருக்கும். அஞ்சாவதுல போடு."

ஆகஸ்ட் 7, வியாழன்

ஐந்தாவது சேனல்.

"கரண்டு ஏறி எறங்குது. ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

இந்த வீட்டில் அப்பாவைத் தவிர எல்லாவற்றிலும் கோளாறு இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெள்ளைச்சாமி மாமா வந்திருந்தார். பனையங்குளத்தில் முளைப்பாரி போட்டுவிட்டார்களாம். பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர்வலம். மதுரையில் இருந்தும் போன் வந்தது, திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி இடம் இருக்கிறதாம். அப்பா போனை என்னிடம் கொடுத்தார். நான் அம்மாவிடம் கொடுத்தேன். "வர்றோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"நான் வரல" என்றார் அப்பா.

"சொல்லியாச்சு."

"சொன்னவ போயித் தூங்கு."

மாமாவுக்கு என்ன விஷயம் என்று புரியவில்லை. "ஒடம்புக்கு முடியலன்னா சொல்லு இருளாண்டி. மானாமதுரைல ஒரு டிஜே செட்டு இருக்கு, கலர் லைட்டெல்லாம் போடுறானாம்."

"எனக்கென்ன மாமா? கல்லு மாதிரி இருக்கேன். செட்ட ஏத்தி நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

முளைப்பாரி ஊர்வலத்தில் எங்கள் வண்டி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பெண்கள் பாரியைத் தலையில் வைத்து வரிசையாக நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, எங்கள் வண்டி ஊர்ந்துகொண்டே வரும். பாட்டு தூரமாகக் கேட்டால் குலவை சேராது என்று மாமா இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்பார். போன வருடம் கடைசி வரிசையில் அவர் பேத்தி நடந்தாள். சின்னப் பிள்ளை, சின்னப் பாரி. அவளுடைய பாவாடை பம்பரில் உரசிக்கொண்டே வந்தது. ஊர்வலம் முடிய வெகுநேரம் ஆகும். முதல் கியரில், ஆட்டுகிற தொட்டில் மாதிரி.

டிஜே செட்டுக்காரன் பெயர் என்ன என்று மாமாவிடம் கேட்க நினைத்தேன். வாசல் வரை போனேன். "என்னத்தா?" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் ஹெட்போன் போட்டு மூன்றாம் தேதிப் பதிவை முதலில் இருந்து கேட்டேன். வேறு வேலை இல்லாததால்தான்.

அப்பா சொல்கிற லூஸ் காண்டாக்ட் இடம் வந்தது. ஒன்றும் இல்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

ஒன்றும் இல்லாமல் இல்லை.

குக்கர் விசில் கேட்டது. அப்புறம் அம்மா. "ஏய், ஏய்! சேலையத் தின்னுது பாரு சனியன். போ! ஏ, காசிமு பொண்டாட்டி, ஒங்க ஆட்டக் கட்டிப்போட மாட்டியா? போ, அங்கிட்டுப் போ!" வாளி உருளுகிற சத்தம். ஆடு கத்திக்கொண்டு ஓடியது. எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவின் அந்த இழுப்பு.

வயர் விட்டிருந்தால் ஆடும் கேட்டிருக்காது.

ஹெட்போனைக் கொண்டுபோய் அப்பாவின் காதில் மாட்டினேன். அந்த இடத்தைப் போட்டேன். அப்பா முதலில், "அதான் கட்டாகுதுன்னு..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பின்னால் போகச் சொல்லி விரலைக் காட்டினார். மறுபடி போட்டேன். அடுத்த தடவை போடும்போது மூச்சை அவரே பிடித்துக்கொண்டு கேட்டார். அம்மா வாளியை உருட்டுவதற்குள் அவரால் பிடிக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒங்கம்மா வாய்ஸ் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

வெளியே போய் வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். காபி ஆறிவிட்டது. கத்தவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

புரிந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று நினைத்த நான்தான் மடச்சி.

அப்பா நேற்று ராத்திரி தூங்கவே இல்லை. படுப்பார், கண் சொருகும்போது எழுந்து உட்கார்ந்துகொள்வார். பயம். பிறகு வண்டியின் கதவைத் திறந்து வைத்து அதிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். ராத்திரி முழுக்க எனக்கு நிறைய தாகம்.

பகலிலும் படுக்கவில்லை. டீயாகக் குடித்தார். பனையங்குளத்துக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்தோம். ஒரு தடவை ஹாரனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே அசந்துவிட்டார். நான் ஹாரனின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காசிம் அண்ணன ஓட்டச் சொல்லலாம்ப்பா. நாளைக்கு அவருக்கு லோடு இல்லையாம்." இதை நான் மத்தியானத்தில் இருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பதினேழு வருசமா நான் ஓட்டிப் போறேன். மீன் வாடையோட அம்மன் கோயிலுக்குப் போறதா? தலைவரு என்ன நெனப்பாரு? இருளாண்டிக்கு வண்டியே ஓட்ட முடியல, முடிஞ்சு போனான்னு நெனப்பாரு. அடுத்த வருசம் கலர் லைட்டு வந்திரும்."

"ஒங்களுக்குத் தூக்கம்..."

"நாய் வந்துச்சுன்னா ஓரம் போகத்தான் செய்யும். எல்லா டிரைவருக்கும் நடக்குறது. பேசாம வயரச் சுருட்டு."

பேசாமல் சுருட்டினேன். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை வெயில் வருமுன் எல்லாம் ஏற்றிவிட்டோம். ஊர்வலத்துக்காக இரண்டு ஹாரனை வண்டியின் தலையிலேயே கட்டியாயிற்று. நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் மிக்சர் பக்கத்தில் ஏறினேன். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கண் இரண்டும் மிளகாய். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். காசிம் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைச்சாமி மாமா போனில், கிளம்பியாச்சா என்று கேட்டார். "இந்தா, சாவி போட்டாச்சு மாமா" என்றார் அப்பா.

சைடு கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. சாவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. தாடை மெல்ல இறங்கி நெஞ்சைத் தொட்டது. இன்னும் வண்டியைக் கிளப்பவே இல்லை.

தானாகவே ஒரு உதறு உதறி நிமிர்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தது.

"என்ன பாக்குற? மைக்கத் தட்டிப் பாரு. நேரமாச்சு."

ஆன் செய்தேன். மூன்றாவது சேனலை ஏற்றினேன். நகத்தை மைக்கின் மேல் வைத்தேன். தட்டவில்லை.

"அப்பா" என்றேன்.

தெரு முழுக்க அப்பா என்றது. தூரத்தில் ஏதோ சுவரில் பட்டு மறுபடியும் அப்பா என்றது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. அம்மாவின் கையில் வாளி அப்படியே நின்றது.

தொண்டை ஒட்டிக்கொண்டது. மூன்றாவது சேனலில் விளக்கு அணைந்தது. கண்ணாடியில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விளக்கு அணைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு ஆகவில்லை.

"அன்னைக்கு நாய் வரல. நீங்க தூங்கிட்டீங்க. நான்தான் ஸ்டியரிங்கப் பிடிச்சு இழுத்தேன். இன்னைக்கு முன்னாடி பிள்ளைக நடக்கும். நான் பின்னாடி ஒக்காந்திருப்பேன், என் கை எட்டாது. எறங்குங்கப்பா."

காசிம் அண்ணன் வாயில் நுரையோடு நின்றார். அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவை. "நாய் வரலியா?" என்றாள். அது மைக்கில் விழவில்லை. ஆனால் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கிளப்பிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். சாவியை உருவினார். இறங்கினார்.

"ஏ காசிமு, வாயக் கொப்புளிச்சிட்டு வா. வெள்ள வேட்டி கட்டிக்க."

"சரிண்ணே."

அம்மாவைப் பார்க்காமலே, "திங்கக்கெழமயும் அவனையே கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிரலாம்" என்றார். வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நான் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா தலையைச் சாய்த்து ஹாரனைப் பார்த்தார்.

"குரல் கீச்சுங்குது" என்றார். "ட்ரெபிளக் கொற."

ட்ரெபிளைக் குறைத்தேன்.